தக்காளி பிந்தி வந்தது

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று அக்கரைப்பற்று நோக்கிப் போகும் கடலோரப் பாதையில் மந்தி என்ற அறபுச் சோறு விற்கிற கடைகள் இப்போது சாதாரணமாகிவிட்டன. சஹன் என்ற பெரிய தட்டில் நீட்டரிசிச் சோறு, அதன்மேல் எலும்பை விட்டுக் கழன்றுவரும் இறைச்சி, ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணம். வேகாத தக்காளியும் பச்சைக் கொச்சிக்காயும் உள்ளியும் உப்பும் தேசிக்காய்ப்புளியும் சேர்ந்த சிவப்புச் சாறு அந்தக் கிண்ணத்தில் இருக்கும். (மிளகாய்க்கு எங்கள் பக்கத்துப் பெயர் கொச்சிக்காய்.) சஹனைச் சுற்றி இருப்பவர்களுக்குள் சோற்றைவிடக் கிண்ணத்துக்குத்தான் போட்டி. "காக்கா, அந்த அறபுச் சோஸ் இன்னும் கொஞ்சம் தாங்க" என்ற குரல் எல்லா மேசையிலிருந்தும் வரும்.

அறபு நாட்டின் வழியாக வந்தது உண்மை. பிறந்த ஊர் வேறு. மெக்சிகோவில் இதைச் சல்சா என்று சொல்லிச் சோள ரொட்டியோடும் மீனோடும் முட்டையோடும் தினம் தின்கிறார்கள். அங்கிருந்து கல்முனைக்கு இது இரண்டு தடவை புறப்பட்டது. முதல் பயணத்தில் கொச்சிக்காய் மட்டும் வந்து சேர்ந்தது. தக்காளி வழியில் நின்றுவிட்டது. அது வந்து சேர நூற்றாண்டுகள் பிடித்தன. எங்கள் கட்டைச் சம்பலும் மந்திக் கடைக் கிண்ணமும் அந்த இரண்டு பயணங்களின் மிச்சம்.

பெர்னார்டினோ டி சஹாகுன் என்ற ஸ்பானியப் பாதிரி 1529இல் மெக்சிகோவுக்குப் போனவர். அங்குள்ள மக்களின் பேச்சையும் சந்தையையும் சமையலையும் அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்து, 1577 அளவில் பெரிய நூலாக முடித்தார். சாறு விற்கிறவர்களைப் பற்றி அதில் நீண்ட பட்டியல் இருக்கிறது: தக்காளி போட்டது, பூசணி விதை போட்டது, புகையிட்ட கொச்சிக்காய் போட்டது, கடும் உறைப்பு, இளம் உறைப்பு. மந்திக் கடைக் கிண்ணத்தின் மூதாதையர் அந்தச் சந்தையில் ஏற்கெனவே விலைக்கு இருந்தார்கள். அரைப்பதற்கு அவர்களிடம் இரண்டு கல். ஒன்று மூன்று காலுள்ள குழிக்கல். மற்றது சரிவான தட்டைக் கல், மேலே உருட்ட ஒரு குழவி; மண்டியிட்டு இருந்து அரைப்பார்கள். கல்முனை உம்மா ஒருவரிடம் அந்த இரண்டாவது கல்லைக் கொடுத்தால், யாரும் சொல்லித்தராமலே வேலையைத் தொடங்கிவிடுவார்.

கொலம்பஸ் தேடிப்போனது மிளகை. 1493இல் ஸ்பெயினுக்குத் திரும்பியபோது கையில் இருந்தது கொச்சிக்காய். காய்ந்த கொச்சிக்காயைப் போலக் கப்பலுக்குத் தோதான சரக்கு வேறில்லை. சாக்கில் மாதக்கணக்கில் கிடக்கும், விதை அதற்குள்ளேயே இருக்கும், வெப்பமான மண்ணில் கேட்காமலே முளைக்கும். போர்த்துக்கேயர் அதைக் கோவாப் பக்கம் கொண்டுவந்தார்கள். 1505இல் இலங்கைக் கரையில் கால்வைத்தவர்களும் அவர்கள்தாம். அதுவரை இந்தத் தீவின் உறைப்புக்கு மிளகும் திப்பிலியுமே பொறுப்பு.

தக்காளியின் கதை வேறு. பழமாக ஒரு கிழமைக்குமேல் தாங்காது. விதையைக் கொண்டுபோகலாம்தான், ஆனால் கொண்டுபோன இடத்தில் அதை விரும்புவார் இல்லை. நஞ்சுச் செடிகளின் இனத்தைச் சேர்ந்தது என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் பயந்தார்கள். தோட்டத்தில் அழகுக்கு வளர்த்தவர்களும் உண்டு. இத்தாலியில் 1548இலேயே தக்காளி பற்றிய பதிவு கிடைக்கிறது. ஆனால் நேப்பிள்ஸில் வேலைபார்த்த அந்தோனியோ லத்தினி தன் சமையல் நூலில் ஸ்பானிய முறைத் தக்காளிச் சாறு ஒன்றை எழுதியது 1690களில்தான். தக்காளியைத் தணலில் சுட்டுத் தோலுரித்து, வெங்காயமும் கொச்சிக்காயும் பொடியாக அரிந்து, உப்பும் எண்ணெயும் வினாகிரியும் சேர்க்கச் சொல்கிறார். சுட்ட கத்தரிக்காய்ச் சம்பல் செய்யத் தெரிந்த எவருக்கும் இந்த முறை புதிதாக இருக்காது.

கொச்சிக்காய் வந்து இறங்கிய காலத்தில் இங்கே மாசி, அதாவது மாலைதீவுக் கருவாடு, ஏற்கெனவே இருந்தது. 1343இல் மாலைதீவுக்குப் போய், அடுத்த ஆண்டு இலங்கைக்கும் வந்த இப்னு பதூதா, அந்தத் தீவார் சூரை போன்ற மீனைத் துண்டாக்கி அவித்துப் புகையிட்டுக் காயவைப்பதையும், அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் ஏற்றுமதியாவதையும் எழுதியிருக்கிறார். பிறகு ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் அயல் தீவுகளிலிருந்தும் படைவீரராகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் மலாய்க்காரர் வந்தார்கள். கொச்சிக்காயையும் உப்பையும் கடல் பண்டத்தையும் கல்லில் ஒன்றாக நசுக்கும் சம்பல் அவர்கள் வீட்டுச் சொத்து. அவர்கள் ஊரில் கூனி விழுது சேர்ப்பார்கள், இங்கே மாசி சேர்ந்தது. புளிக்குத் தேசிக்காய். கட்டைச் சம்பல் இப்படித்தான் உருவானது. பாற்சோற்றுக்கும் ரொட்டிக்கும் அதைவிட்டால் நாதியில்லை.

போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து துரத்திய முஸ்லிம்களில் ஏறத்தாழ 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. துரத்தியவன் கப்பலில் வந்த காய், துரத்தப்பட்டவர்களின் மூட்டையில் ஏறிக் கிழக்குக்கு வந்திருக்கும் என்று எண்ணிப்பார்ப்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். சான்று கேட்காதீர்கள், அது கற்பனை.

கற்பனையில்லாத ஒன்று இருக்கிறது. இந்தக் கரையில் வீடு மகளுக்குப் போகும். கல்யாணத்துக்கு முன் உம்மாவும் வாப்பாவும் மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். தமிழரும் முஸ்லிம்களும் பகிர்ந்துகொள்ளும் இந்தத் தாய்வழிக் குடி முறையை அக்கரைப்பற்றில் பல்லாண்டு ஆராய்ந்தவர் அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே. மருமகள் மாமியாரின் குசினிக்குள் போய்ப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் நிலை இங்கே குறைவு. உம்மாவின் அம்மியடியிலேயே மகள் வளர்கிறாள், அதே வளவிலோ அடுத்த வளவிலோ சமைக்கிறாள். சம்பலுக்கு எழுதிய செய்முறை யாரிடமும் கிடையாது, இருந்தும் ருசி மாறவில்லை. "மகள், புளிய இப்ப விடாத, கடைசியில விடு" என்ற ஒரு வரியைத்தான் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள்.

தக்காளி பிரித்தானியர் காலத்தில் மெல்ல வந்தது. ஜோர்ஜ் வாட் தொகுத்த இந்தியப் பொருளாதார விளைபொருட்கள் பற்றிய பெரிய அகராதி 1889 முதல் வெளிவந்தது. தக்காளி பெரும்பாலும் ஐரோப்பியருக்காகப் பயிராகிறது என்றும், வங்காளிகளும் பர்மியரும் புளிக் கறிக்குச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்றும் அது குறிப்பிடுகிறது. எங்கள் குசினியில் அதற்கு இடம் கிடைக்கத் தாமதமானதற்குக் காரணம் எளிது: புளிப்புக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது. ஆணத்துக்கு (குழம்புக்கு) பழப்புளி, மீனுக்குக் கொறுக்காப்புளி, சம்பலுக்குத் தேசிக்காய், காலத்துக்கு மாங்காய். நான்கு பேர் வேலை செய்கிற இடத்தில் ஐந்தாவது ஆளுக்கு யார் கதவு திறப்பார்? தக்காளி ஆணத்துக்குள் நிறத்துக்காக நுழைந்து, பிறகு வெங்காயத்தோடு அரிந்து தேசிக்காய் பிழிந்த சலாதாகத் தட்டின் ஓரத்தில் உட்கார்ந்தது. அம்மிக்கு அது ஏறவே இல்லை.

இதற்கிடையில் கொச்சிக்காய் அரசியல் பண்டமாகிவிட்டது. 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு கொச்சிக்காய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்து விவசாயிகள் அந்த ஏழாண்டில் வீடு கட்டினார்கள். மஹாஇலுப்பல்லம ஆராய்ச்சி நிலையத்தின் எம்.ஐ. 2 இனம் வயலெங்கும் பரவியது. 1977இல் சந்தை திறந்துவிடப்பட்டதும் கதை தலைகீழானது. இன்று கட்டைச் சம்பலுக்குப் போகிற செத்தல் கொச்சிக்காயில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வருகிறது. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது நடந்ததை யாரும் மறக்கவில்லை: 100 கிராம் பச்சைக் கொச்சிக்காய் அந்த வருட முடிவில் ஒரே மாதத்துக்குள் 18 ரூபாய் அளவிலிருந்து 71 ரூபாய்க்கு ஏறியது என்று கொழும்பின் அட்வகாட்டா நிறுவனம் கணக்குச் சொன்னது. சம்பல் ஏழை வீட்டுக் கறி என்று பெயர் வாங்கியது. அந்த டிசம்பரில் அது அப்படி இருக்கவில்லை.

1977க்குப் பின் திறந்த இன்னொரு கதவு வளைகுடா. சவூதி, குவைத், கட்டார் என்று கிழக்குக் கரையிலிருந்து ஆணும் பெண்ணும் போனார்கள். போவோர் தொகை பெருகி, 1985இல் அரசு இதற்கென்றே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைத்தது. போன இடத்தில் அவர்கள் சமைத்தது கப்சாவும் மந்தியும். மந்தி யெமனின் ஹழ்ரமவ்த் பக்கத்து உணவு. நிலத்தில் தோண்டிய அடுப்புக்குள் இறைச்சியைத் தொங்கவிட்டு, கொழுப்புச் சொட்டுகிற இடத்தில் சோற்றை வைப்பார்கள். அதன் கூட்டாளி சஹாவிக்: தக்காளி, பச்சைக் கொச்சிக்காய், உள்ளி, மல்லி இலை, கொஞ்சம் சீரகம், உப்பு. யெமனியரும் அதைக் கல்லில்தான் நசுக்குவார்கள். சவூதி வீடுகளில் கப்சாவோடு வருகிற தக்கூஸ் அதே குடும்பம், ஆனால் பெரும்பாலும் அடுப்பேறி வருவது. மெக்சிகோவில் பிரிந்த தக்காளியும் கொச்சிக்காயும் அறபு நாட்டில் மறுபடி சேர்ந்து குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. எங்கள் ஆட்கள் அந்தக் குடித்தனத்தைச் செய்முறையோடு ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் சல்சாவின் விற்பனைப் பெறுமதி தக்காளிக் கெட்சப்பை முந்தியதாகப் பத்திரிகைகள் பரபரத்தன. அந்தச் சல்சா போத்தலில் அடைத்தது. எங்களுக்கு வந்தது கையால் அரைத்தது.

அம்மிக்கு வந்த கேட்டையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 கடல்கோளில் இலங்கையில் மிகக் கூடுதலான உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கடலோர வீடுகள் அத்திவாரத்தோடு போயின. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள், பிறகு தளர்த்தினார்கள். பலர் கல்முனை கிரீன் பீல்ட் போன்ற மாடிக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். மாடி வீட்டுக் குசினியில் அம்மி போட இடமில்லை. உலக்கைச் சத்தத்துக்குக் கீழ்வீட்டார் கதவு தட்டுவார்கள். பிளெண்டர் வந்தது அப்படித்தான், சோம்பலால் வரவில்லை.

தக்காளி மட்டும் இன்னும் தூரத்திலிருந்துதான் வருகிறது. களுதாவளைப் பக்கத்துத் தோட்டங்கள் கொச்சிக்காயும் கத்தரியும் தருகின்றன, காலத்தில் தக்காளியும் வரும். மற்ற நாட்களில் 1999இல் தொடங்கிய தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம்தான் கதி. லொறியில் நசுங்காமல் வர வேண்டுமென்பதற்காகத் தக்காளியைச் செங்காயாகவே ஆய்ந்து பெட்டியில் அடுக்குகிறார்கள். பெட்டிக்குள் நிறம் ஏறும், ருசி ஏறாது. மரக்கறி அழிவைக் குறைக்கப் பிளாஸ்டிக் கூடையில்தான் ஏற்ற வேண்டும் என்று 2011 இறுதியில் அரசு சட்டம் போட்டபோது தம்புள்ளையே கொதித்தது. கூடை விலையும், அது திரும்பி வெறுமையாக வருகிற லொறிக் கூலியும் யார் தலையில் என்பதே சண்டை. நசுங்கிய தக்காளியின் விலையை அதுவரை யார் கட்டிவந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வாங்குகிற நாங்கள்தான்.

இனி மந்திக் கடைச் சாற்றை வீட்டில் செய்வது. நான்கு பேருக்கு நன்கு பழுத்த தக்காளி 400 கிராம், சின்ன வெங்காயம் பத்து, பச்சைக் கொச்சிக்காய் மூன்று, உள்ளி ஒரு பல், ஒரு தேசிக்காய், உப்பு முக்கால் தேக்கரண்டி, ஒரு பிடி மல்லி இலை. தக்காளியைத் தேர்வதில்தான் பாதி வெற்றி. காம்படியில் மணம் வர வேண்டும், அழுத்தினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். வாங்கி வந்து பிரிட்ஜில் வைக்காதீர்கள். புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டியபடி, 5 பாகை குளிரில் 7 நாள் கிடந்த தக்காளி மணம் தருகிற பொருட்களை இழக்கிறது. வெளியே எடுத்து வைத்தாலும் அவை முழுதாகத் திரும்புவதில்லை. கூடையில் காற்றோட்டமாகக் கிடக்கட்டும்.

விதையை வழித்து எறியச் சொல்லும் சமையல் புத்தகங்களைப் பொருட்படுத்த வேண்டாம். தக்காளியின் நாவூறும் ருசிக்குக் காரணமான குளுட்டமேற்று, சதையைவிட விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான பகுதியில்தான் கூடுதல் என்று பிரித்தானியாவின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வு 2007இல் அளந்து சொன்னது. தண்ணி கூடும் என்ற பயமிருந்தால், அரிந்த தக்காளியில் பாதி உப்பைத் தூவிக் கண்ணறைத் தட்டில் பத்து நிமிடம் வையுங்கள். கீழே வடிகிற சாற்றைக் கொட்டாமல் ஆணத்தில் ஊற்றுங்கள்.

அம்மி இருப்பவர்கள் மிச்ச உப்பையும் கொச்சிக்காயையும் உள்ளியையும் முதலில் நசுக்குங்கள். உப்பின் பரல் கொச்சிக்காய்த் தோலைக் கிழிக்கும். பச்சை மணம் எழும்பி மூக்கில் ஏறும்போது வெங்காயத்தைப் போட்டு இரண்டு இழுப்பு. வெங்காயம் மையாகக் கூடாது, கடிபட வேண்டும். பிறகு தக்காளியைக் குழவியால் அமுக்கினால் போதும், அரைக்கத் தேவையில்லை. பிளெண்டர்தான் இருக்கிறது என்றால் தக்காளியை அதில் போடாதீர்கள். வேகமாகச் சுழலும்போது காற்றுப் புகுந்து, சிவப்பு வெளிறி ரோஸ் நிற நுரையாகிவிடும். அந்த நிறத்தைப் பார்த்தே பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். கொச்சிக்காயையும் உள்ளியையும் மட்டும் அதில் சுற்றி, தக்காளியையும் வெங்காயத்தையும் கத்தியால் பொடியாக அரியுங்கள். தேசிக்காய்ப் புளியும் மல்லி இலையும் மேசைக்கு எடுக்கிற நேரத்தில். மல்லி இலை பிடிக்காத வீட்டில் புதினா சேர்க்கலாம், மந்திக்கு அதுவும் பொருந்தும்.

இவ்வளவும் மெக்சிகோக்காரரும் யெமனியரும் செய்வது. எங்கள் பங்கு ஒன்று பாக்கி இருக்கிறது: ஒரு மேசைக்கரண்டி மாசியை உரலில் தும்பாக இடித்துப் போடுங்கள். காயவைத்த சூரை மீனில் உள்ள இனோசினேற்றும் தக்காளியின் குளுட்டமேற்றும் சேரும்போது, தனித்தனியே தருவதைவிடப் பல மடங்கு ருசி வரும். ஜப்பானியர் கடற்பாசியையும் உலர்ந்த சூரையையும் சேர்த்துத் தெளிந்த சாறு வைப்பது இதே கணக்கில்தான். மாசி போட்ட கிண்ணத்தை ஒருமுறை ருசித்தவருக்கு மாசி போடாதது குறையாகவே தெரியும். இந்தச் சல்சாவின் மிகச் சிறந்த வடிவம் மெக்சிகோவில் இல்லை, எங்கள் கரையில்தான் கிடைக்கும் என்பது என் தீர்ப்பு. கடைகள் இன்னும் இதைச் செய்யத் தொடங்கவில்லை என்றால், வீடுகள் தொடங்கட்டும்.

பச்சையாகத் தின்பதால் ஒரு கவனம் வேண்டும். 2008இல் அமெரிக்காவில் சல்மொனெல்லாக் கிருமியால் 1,400க்கு மேற்பட்டவர்கள் நோயுற்றபோது முதலில் தக்காளியைத்தான் குற்றம் சாட்டினார்கள். தோட்டக்காரர் பலர் சரக்கைக் கொட்டினார்கள். பிறகு விசாரித்ததில் பச்சைக் கொச்சிக்காயில் பிடிபட்டது. ஆகவே கொச்சிக்காயையும் மல்லி இலையையும் ஓடுகிற தண்ணியில் நன்றாகக் கழுவுங்கள், மீன் வெட்டிய பலகையில் இவற்றை அரியாதீர்கள். செய்ததை அன்றைக்கே முடிப்பது நல்லது. மூடி பிரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும், பச்சை மணம் போய்விடும். பெப்ரவரி, மார்ச்சில் போகத் தக்காளி சந்தைக்கு வந்து விலை இறங்கும்போது தாராளமாகச் செய்யுங்கள். மழை மாதங்களில் விலை ஏறினால் தக்காளியை விட்டுவிட்டுக் கட்டைச் சம்பலோடு நில்லுங்கள். சல்சாவில் மிஞ்சியதை மறுநாள் காலை சட்டியில் வதக்கி, இரண்டு முட்டை உடைத்து ஊற்றி, ரொட்டியோடு தின்றுவிடுங்கள்.